சைபர் வயலுக்கு மூன்று பங்கு

மாணிக்கம்மாள் நட்ட வயல் மஞ்சளடித்ததாகச் சரித்திரம் இல்லை. சரித்திரம் என்றால், குறிஞ்சிப்பாடி ரோட்டில் போகிற பஸ்ஸின் ஜன்னல் சீட்டில் உட்கார்ந்து எழுதப்படுகிற சரித்திரம். அதில் இடம் பிடிப்பது கஷ்டம், பிடித்த இடத்தை இழப்பது ரொம்பச் சுலபம். ரோட்டோரத்து வயல் பச்சையாக இருந்தால் "யாரு நட்டது?" என்று கேட்பார்கள். மஞ்சளாக இருந்தாலும் அதையேதான் கேட்பார்கள். விதை எவன் விற்றான், தண்ணீர் எவன் விட்டான், உரம் எவன் போட்டான் என்று கேட்கிற வழக்கம் இந்தப் பக்கத்தில் இல்லை. குனிந்து நட்டவள் முதுகுதான் ஊர் கண்ணில் பட்டது, அதனால் பேரும் அவளுக்கே.

அவளையும் சேர்த்துப் பதினைந்து பெண்கள். ‘மாணிக்கம்மா செட்டு’ என்று பெயர். விடியற்காலை ஐந்தரைக்கு ஒரு மினி வேன் வந்து பதினைந்து பேரையும் பதினைந்து தூக்குவாளிகளையும் அள்ளிக்கொண்டு போகும். நடவு நாளைக்கு ஒரு மாதம் முன்பே மாணிக்கம்மாளின் போன் அடிக்க ஆரம்பித்துவிடும். அந்தப் போன் அடிக்கவில்லை என்றால் பதினைந்து வீட்டில் அடுப்பு எரியுமா என்பது சந்தேகம். இதை அவள் யாரிடமும் பெருமையாகவும் சொன்னதில்லை, புலம்பலாகவும் சொன்னதில்லை. போனுக்கு மட்டும் தவறாமல் சார்ஜ் போடுவாள்.

நிலக்கரிச் சுரங்கத்துக்காக அவள் பிறந்த ஊர் இடம் பெயர்ந்தபோது, நிலம் வைத்திருந்தவர்கள் தாங்கள் எதை எதை இழக்கிறோம் என்று பட்டியல் போட்டார்கள். மாணிக்கம்மாளின் அப்பாவுக்கு அரை சென்ட் கூடக் கிடையாது. அதனால் அவர் பட்டியல் சீக்கிரம் முடிந்தது. அடுத்தவன் வயலில் வேலை செய்தவருக்கு எந்த ஊர் போனாலும் அடுத்தவன் வயல் இருக்கும் அல்லவா, அந்தச் சௌகரியத்தோடு இந்தப் பக்கம் வந்து சேர்ந்தார்கள். பதினோரு வயதில் நாற்று முடியைக் கையில் வாங்கியவள், ஐம்பத்திரண்டு வயதாகியும் கீழே வைக்கவில்லை. கணவன் செங்குட்டுவன் சுரங்கத்தில் கான்ட்ராக்ட் தொழிலாளி. பத்தொன்பது வருஷமாக அடுத்த வருஷம் பர்மனென்ட் ஆகிக்கொண்டிருக்கிறான்.

இப்படிப்பட்டவளின் கையில் ஒரு விஞ்ஞானம் வந்து மாட்டியது.

விஞ்ஞானத்தின் பெயர் சோமசுந்தரம். திருநெல்வேலிக்காரர். சுரங்க அலுவலகத்தில் முப்பத்து நான்கு வருஷம் வரைபடம் போட்டு ஓய்வு பெற்றவர். மகன் ஜெயகணேஷுக்கும் அங்கேயே வேலை என்பதால் டவுன்ஷிப்பில் இருபத்தொன்றாம் பிளாக்கில் மகனுடைய குவார்ட்டர்ஸில் இருந்தார். ஓய்வு பெற்றவர்கள் வழக்கமாக நடைப்பயிற்சி போவார்கள், வாட்ஸ்அப்பில் காலை வணக்கம் அனுப்புவார்கள். இவர் ரத்தப் பரிசோதனை செய்துகொண்டார். துத்தநாகச் சத்து குறைவு என்று வந்தது. டாக்டர் தினம் ஒன்று வீதம் முப்பது நாளைக்கு மாத்திரை எழுதிக் கொடுத்தார். அந்த மனிதர் அதை ஒழுங்காக விழுங்கியிருந்தால் இந்தக் கதை முப்பது நாளில் முடிந்திருக்கும்.

அவரோ போனில் படிக்கப் போனார். சாப்பிடுகிற அரிசியில் துத்தநாகமும் இரும்பும் எவ்வளவு இருக்கும் என்பது நெல்லின் ரகத்தைப் பொறுத்தது என்றது ஒரு கட்டுரை. யூரியாவில் இருக்கிற தழைச்சத்தைப் பொறுத்தும் கூடும், குறையும் என்றது இன்னொன்று. யூரியா விஷம் என்றது மூன்றாவது. யூரியா இல்லாவிட்டால் பயிர் மண்ணிலிருந்து சத்தை உறிஞ்சவே தெம்பில்லாமல் போய்விடும் என்றது நான்காவது. ஐந்தாவதைப் படிப்பதற்குள் மனைவி புஷ்பவல்லி போனைப் பிடுங்கிச் சார்ஜில் போட்டுவிட்டாள். மறுநாள் சோமசுந்தரம், "யார் சொல்லுததையும் நம்ப முடியாது, நானே கண்டுபிடிச்சிருதேன்" என்றார். குறிஞ்சிப்பாடி ரோட்டில், ஒரு பஸ் ஸ்டாப்புக்கு எதிரில், ஒன்றரை ஏக்கர் குத்தகைக்குப் பிடித்தார்.

நடுவதற்கு யார் என்று விசாரித்தால் எல்லா விரலும் ஒரே பக்கம்தான் நீண்டன.

"மாணிக்கம்மா, இது விவசாயம் இல்ல. ஆராய்ச்சி" என்றார் சோமசுந்தரம், கையில் சுருட்டி வைத்திருந்த வரைபடத்தை வரப்பில் விரித்து.

"ஆராய்ச்சின்னாலும் சேத்துல எறங்கித்தான சார் நடணும்?" என்றாள் அவள்.

வரைபடம் அழகாகத்தான் இருந்தது. ஒன்றரை ஏக்கரை ஆறு வயலாகப் பிரித்திருந்தார். மூன்றில் வெள்ளைப் பொன்னி, மூன்றில் மாப்பிள்ளைச் சம்பா. ஒவ்வொரு ரகத்திலும் ஒரு வயலுக்கு யூரியாவே கிடையாது. ஒன்றுக்கு வேளாண்மை ஆபீசில் சொல்கிற அளவு. ஒன்றுக்கு அதில் இரண்டு மடங்கு. சைபர், ஒன்று, இரண்டு. கடைசியில் ஆறு வயல் அரிசியையும் ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பினால் எந்த ரகத்தில், எவ்வளவு யூரியாவில், எவ்வளவு துத்தநாகம் என்று தெரிந்துவிடும். முப்பத்து நான்கு வருஷம் அளவுகோல் பிடித்த கை என்பதால் சைபரை இடது ஓரத்தில் தொடங்கியிருந்தார். அளவுகோலில் சைபர் அங்கேதான் இருக்கும். இடது ஓரம் என்பது ரோட்டோரம், பஸ் ஸ்டாப்புக்கு நேர் எதிர் என்பது அளவுகோலுக்குத் தெரியாது. ஆறு வயலுக்கும் தகரப் பலகையில் பொ-0, பொ-1, பொ-2, மா-0, மா-1, மா-2 என்று பெயின்டில் எழுதி நட்டார். அந்தப் பலகையைப் படித்து அர்த்தம் சொல்லக்கூடியவர் அந்த ரோட்டில் ஒரே ஒருவர், அவரும் இருபத்தொன்றாம் பிளாக்கில் இருந்தார்.

"இந்த சைபர் வயலு என்னா சார் தப்பு பண்ணிச்சி?" என்று மாணிக்கம்மாள் கேட்டாள்.

"தப்பு ஒண்ணும் இல்லம்மா. ஒப்பிட்டுப் பார்க்கதுக்கு ஒண்ணு பட்டினி கிடக்கணும்."

அவள் வரைபடத்தையும் பார்த்தாள், அவரையும் பார்த்தாள். படித்தவர்கள் இப்படி ஏதாவது சொல்வார்கள், நேரில் பார்த்தால் மனசு மாறிவிடும் என்று நினைத்துக்கொண்டாள்.

மனசு மாறவில்லை. பயிர் வளரும்போது தூவுகிற மூன்று தவணை மேலுரத்தில் முதல் தவணைக்கு சோமசுந்தரம் குடையோடு வந்து நின்றார். வீட்டுத் தராசில் எடைபோட்டுப் பெயர் எழுதிய பைகளை ஒவ்வொன்றாகக் கொடுத்தார். சைபர் வயல்களைத் தாண்டும்போது அவர் முகத்தில் எந்தச் சலனமும் இல்லை. பத்து நாளில் ரோட்டோரத்து இரண்டு வயலும் வெளுத்தன. இருபது நாளில் மஞ்சளடித்தன. பக்கத்து வயல்கள் கரும்பச்சையாக நிற்க, இவை இரண்டும் வீட்டுக்கு ஆகாத மருமகள் மாதிரி ஓரமாக நின்றன.

ரோட்டுக்கு அந்தப் பக்கம் தனகோட்டிக்கு மூன்று ஏக்கர். தைப் பக்கம் நடுகிற நவரைப் பட்டத்துக்குத் தவறாமல் மாணிக்கம்மா செட்டைத்தான் கூப்பிடுவார். அவர் வந்து வரப்பில் நின்று வேட்டியை மடித்துக் கட்டினார்.

"என்னாம்மா மாணிக்கம், வயலுக்கு மஞ்ச காமாலையா? கீழாநெல்லி அரைச்சிக் குடுத்துப் பாரேன்."

"சாரு உரம் போடக் கூடாதுன்னுட்டாருண்ணே. ஆராய்ச்சியாம்."

"நட்ட கை சரியில்லன்னா எல்லாம் ஆராய்ச்சிதான்" என்று சிரித்துக்கொண்டே போனார். வேடிக்கையாகத்தான் சொன்னார். ஆனால் பஸ் ஸ்டாப்பில் நின்றிருந்த ஏழெட்டுப் பேரும் சேர்ந்து சிரித்தார்கள்.

அந்த வாரமே செட்டில் இருக்கிற செவ்வந்தி சேதி கொண்டுவந்தாள். "அக்கா, நவரைக்குக் கூப்புட்டுகினு இருந்த ரெண்டு பேரு, பாத்துச் சொல்றோம்னுட்டாங்க. பஸ்ஸுல போறப்ப இந்த வயல பாத்தாங்களாம்."

நாற்பத்தோரு வருஷம் குனிந்து சேர்த்த பேர், ஐம்பது சென்ட் மஞ்சளில் போய்க்கொண்டிருந்தது. பேர் போகிறதே என்பது ஒரு பக்கம். அந்த வயலைப் பார்க்கவும் மாணிக்கம்மாளுக்குத் தாங்கவில்லை. பக்கத்து வயலுக்கு இரண்டு மடங்கு, இதற்கு ஒன்றுமில்லை என்றால் அதற்குப் பெயர் ஆராய்ச்சி இல்லை, பந்தி வஞ்சனை. ஒரே பந்தியில் உட்காரவைத்து ஒருவன் இலையில் இரண்டு வடை, ஒருவன் இலையில் வெறும் தண்ணீர். பந்தி வஞ்சனை என்றால் என்ன என்று மாணிக்கம்மாளுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. கடைசிப் பந்தியில், அதுவும் தனிப் பந்தியில், ஆறிய சோற்றுக்கு உட்கார்ந்து வளர்ந்தவள் அவள்.

இரண்டாம் தவணை அன்று சோமசுந்தரம் பைகளைக் கொடுத்துவிட்டு மணி பார்த்தார். சர்க்கரைக்காரர், பன்னிரண்டரைக்குச் சாப்பிட்டாக வேண்டும். பன்னிரண்டு மணி பஸ்ஸில் ஏறிவிட்டார். பஸ் வளைவில் திரும்பியதும் மாணிக்கம்மாள் இரண்டு மடங்குப் பைகளைத் தூக்கிக்கொண்டு சைபர் வயலில் இறங்கினாள்.

"அக்கா, சாரு எல்லாம் எழுதி வச்சிகினு இருக்காரு" என்றாள் செவ்வந்தி.

"எழுதட்டும். நெல்லு என்னா, படிக்கவா போவுது?"

ஆனால் அவள் கண்ணை மூடிக்கொண்டு வாரி இறைக்கிறவள் இல்லை. பரிமாறுகிறவளுக்கு ஒரு முறை இருக்கிறது. முதல் சுற்றில் விட்டுப்போன இலைக்கு அடுத்த சுற்றில் சேர்த்து வைக்க வேண்டும், ஏற்கெனவே இரண்டு வாங்கியவனுக்குக் கையைச் சுருக்க வேண்டும். இரண்டு மடங்கு வயலுக்கு மீதி இரண்டு தவணையில் சேர வேண்டியது நான்கு பங்கு. அதில் மூன்றை சைபருக்குக் கொடுத்தாள், ஒன்றை உரியவனுக்கே விட்டாள். நடு வயலுக்குச் சேர வேண்டியதை அப்படியே போட்டாள். மூன்றாம் தவணைக்கும் சோமசுந்தரம் அதே பன்னிரண்டு மணி பஸ்ஸில் ஏறிவிட, அது முடிந்தபோது ஒவ்வொரு ரகத்திலும் மூன்று வயலுக்கும் ஆளுக்கு மூன்று பங்கு. வரைபடம் இல்லை, தராசு இல்லை. அவள் கையளவில் ஒரு பிடி கூடக் குறைய இல்லை.

சைபர் வயல் பச்சை பிடித்தது. சோமசுந்தரம் இலையின் பச்சையை ஒப்பிடுகிற வண்ண அட்டையை வைத்துப் பார்த்தார், கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். நோட்டில் ‘யூரியா இன்றியே மீண்டது, மண்ணின் உள்ளாற்றல்’ என்று எழுதினார். மண்ணின் உள்ளாற்றல் பக்கத்து வரப்பில் வெற்றிலை மென்றுகொண்டு வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தது. ‘பாத்துச் சொல்றோம்’ என்ற இரண்டு பேரும் போன் செய்தார்கள்.

அறுவடை முடிந்து, உமி மட்டும் நீக்கிய அரிசி ஆறு பையில் சென்னையில் ஒரு ஆய்வுக்கூடத்துக்குப் போனது. முடிவு வந்தது. பொன்னியில் கிலோவுக்கு இருபத்தொரு மில்லிகிராம் துத்தநாகம், மாப்பிள்ளைச் சம்பாவில் இருபத்தெட்டு. ரகத்துக்கு ரகம் வித்தியாசம் பளிச்சென்று தெரிந்தது. ஆனால் சைபர், ஒன்று, இரண்டு என்று எந்த வயலை எடுத்தாலும் ரகத்துக்குள் வித்தியாசம் இல்லை. விளைச்சலும் அப்படியே. சந்தேகப்படுகிற புத்தி உள்ள மனிதனுக்கு இந்த இடத்தில் சந்தேகம் வந்திருக்கும். சோமசுந்தரத்துக்கு ஞானம் வந்தது.

‘யூரியா தேவையில்லை: ஓர் ஓய்வு பெற்றவரின் ஆய்வு’ என்று நோட்டீஸ் அடித்தார். குறிஞ்சிப்பாடியில் ஒரு கல்யாண மண்டபத்து மாடியை எடுத்துக் கூட்டம் போட்டார். டீயும் வடையும் உண்டு என்பது நோட்டீஸின் கடைசி வரி, ஆனால் முதலில் படிக்கப்பட்ட வரி. அந்த வருஷம் யூரியாவுக்குக் கடை வாசலில் வரிசை நின்றுகொண்டிருந்ததால் வடைக்கு மேலும் ஒரு காரணம் இருந்தது. நாற்பது பேர் வந்துவிட்டார்கள். வடை பரிமாற மாணிக்கம்மாளையும் செவ்வந்தியையும் கூப்பிட்டிருந்தார்.

சோமசுந்தரம் முக்கால் மணி நேரம் பேசினார். மைக் இருந்ததால் யாரும் குறுக்கே பேச முடியவில்லை. கடைசியில் தனகோட்டி எழுந்தார்.

"சாரு சொல்றது நெசந்தான். நானே பாத்தேன். மொதல்ல மஞ்சளடிச்சிகினு கெடந்திச்சி, அப்பறம் அதுவா பச்ச கட்டிச்சி. சைபர்னு போர்டும் இருந்திச்சி. இந்தப் பட்டம் என் மூணு ஏக்கருக்கும் யூரியா கெடையாது. நடவுக்கு மாணிக்கம்மா செட்டுதான், அது கைராசிக்கு உரமே வாணாம்." இன்னும் ஏழெட்டுப் பேர் "எங்களுதும் அப்படித்தான்" என்றார்கள்.

வடைத் தட்டோடு நடுவில் நின்றிருந்த மாணிக்கம்மாள் கணக்குப் போட்டாள். வாயை மூடிக்கொண்டிருந்தால் பத்து வயல், பத்தும் அவள் கையால் நட்டு, பத்தும் மஞ்சளடித்து நிற்கும். அப்போது மண்ணின் உள்ளாற்றல் என்று ஒருவனும் சொல்ல மாட்டான், நட்டவள் பேரைத்தான் சொல்வான். வாயைத் திறந்தாலோ, சொன்ன வேலையைச் செய்யாதவள், ஒருவன் உரத்தை இன்னொன்றுக்கு மாற்றியவள் என்று ஆகும். எந்தப் பக்கம் போனாலும் போகப் போவது அதே பேர்தான். எதிரில் தனகோட்டி வடைக்குக் கை நீட்டினார். அந்த ஆளுக்கும் பெண்டாட்டி பிள்ளை இருக்கிறது, மூன்று ஏக்கரை நம்பித்தான் இருக்கிறது.

"சார்" என்றாள். மைக் இல்லாமலே கேட்டது. "அந்த வயலு பட்டினி கெடக்கல சார். நாந்தான் போட்டேன். ரெட்டப் பையிலேருந்து எடுத்துப் போட்டேன்."

சோமசுந்தரம் மைக்கைக் கீழே வைத்தார். "எவ்வளவு?" என்று மட்டும் கேட்டார்.

"நாலு பங்குல மூணு."

நோட்டீஸைத் திருப்பிப் பின்பக்கத்தில் பென்சிலால் போட்டுப் பார்த்தார். மூன்று, மூன்று, மூன்று. இன்னொரு தடவை போட்டுப் பார்த்தார். விடை மாறவில்லை. "அப்போ நான் ஒரே வயல மூணு தடவ சோதிச்சிருக்கேன்" என்று மெதுவாகச் சொன்னார். முன் வரிசையில் புஷ்பவல்லி சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். அழுகிறாள் என்று சிலர் நினைத்தார்கள். அவள் தோள் குலுங்கியது அதற்காக இல்லை.

கூட்டம் கலைந்தது. வடை மீதமில்லை. படியில் இறங்கும்போது தனகோட்டி, அவள் காதில் விழட்டும் என்றே பக்கத்து ஆளிடம் சொன்னார்: "கைராசின்னு நெனச்சிகினு இருந்தோம். கை நீளம்ல இது. எங்க யூரியாவ எவன் வயலுக்குக் கொண்டுபோயிக் கொட்டுமோ."

மூன்று ஏக்கரை வெறும் வயலாகப் போகாமல் காப்பாற்றியதற்கு அந்த மனிதன் சொன்ன நன்றி இது. வேறு செட்டைப் பிடித்தார், யூரியாவும் வாங்கினார். அவரைப் பார்த்து இன்னும் நான்கு பேர் மாறினார்கள். மாணிக்கம்மாளின் போன் முழுச் சார்ஜோடு சும்மா கிடந்தது. செட்டில் மூன்று பேர் நெல்லிக்குப்பம் பக்கம் கரும்பு வெட்டப் போனார்கள். செங்குட்டுவன், "உனக்கு எதுக்குடி ஊரு நாயம், வாய மூடிகினு வடய குடுத்துட்டு வர்றதுதான?" என்று கேட்டான். வாழ்க்கையில் ஒரே ஒரு தடவை உண்மை பேசிப் பார்த்தாள், அது எவ்வளவு சூடு என்று தெரிந்துகொண்டாள். அவ்வளவுதான்.

ஆவணியில் சோமசுந்தரம் அவள் வீட்டு வாசலுக்கு வந்து நின்றார். கையில் மறுபடியும் சுருட்டிய வரைபடம்.

"மாணிக்கம்மா, இன்னொரு தடவ செஞ்சு பார்த்திருவோம். சைபர் வயல உள்ள தள்ளிருதேன். ரோட்டுக்குத் தெரியாது."

அவர் திட்டுவார் என்று எதிர்பார்த்திருந்தவள் அவள். அவரோ தப்பு வரைபடத்தில் என்று முடிவு கட்டியிருந்தார். முப்பத்து நான்கு வருஷப் பழக்கம் சில நேரம் நல்லதுக்கும் உதவுகிறது.

"வாணாம் சார். அது ரோட்டுலயே இருக்கட்டும்" என்றாள். "ஆனா ஒரு போர்டு வேணும். ஒங்க சைபர், ஒண்ணு, ரெண்டு இல்ல. நா சொல்றத எழுதுங்க. படிக்கத் தெரிஞ்சவன் எல்லாம் படிக்கிற மாதிரி பெருசா."

எழுதினார். நான்கடி அகலத் தகரத்தில், சிவப்புப் பெயின்டில், பஸ்ஸிலிருந்து தெரிகிற எழுத்தில்: ‘இந்த வயல் மஞ்சளாக இருப்பதற்கு நானே காரணம். உரம் போடாதே என்று சொன்னது நான். நட்டது மாணிக்கம்மாள் செட்டு, நடவில் குறை இல்லை. போன வருஷம் இந்த வயலைப் பார்த்துத் தப்பாக முடிவு சொன்னதும் நானே. இப்படிக்கு, சோமசுந்தரம், ஓய்வு, பிளாக் 21.’ எழுதி முடித்து, எழுத்து கோடு தப்பாமல் இருக்கிறதா என்று தூர நின்று ஒரு கண்ணை மூடிப் பார்த்துக்கொண்டார்.

அந்த வருஷத்து முடிவைக் கையோடு சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அதனால் உலகம் ஒன்றும் தலைகீழாகவில்லை. மாப்பிள்ளைச் சம்பாவின் இரண்டு மடங்கு வயல் யூரியாவைத் தின்று கழுத்தளவு வளர்ந்து, ஒரே மழையில் பாய் விரித்தாற்போல் சாய்ந்தது. சைபர் வயல்களில் பாதி விளைச்சல்தான். துத்தநாகம் பொன்னியில் சைபருக்குப் பதினேழு, அளவாகப் போட்டதற்கு இருபத்தொன்று, இரண்டு மடங்கிலும் அதே இருபத்தொன்றுதான். மாப்பிள்ளைச் சம்பாவில் இருபத்துநாலு, இருபத்தெட்டு, இருபத்தேழு. அதாவது ரகம்தான் பெரிய ஆள், யூரியா அளவோடு இருந்தால் துணை ஆள், அளவுக்கு மிஞ்சினால் தண்டச் சோறு. மாணிக்கம்மாள் பாவம் பார்த்துப் போட்ட மூன்று பங்குதான் சரியான பங்கு என்று சொல்ல, சோமசுந்தரத்துக்கு இரண்டு வருஷமும் ஒரு ஆய்வுக்கூடமும் தேவைப்பட்டன.

இவ்வளவுக்கும் பிறகு அந்த அரிசியை வீட்டில் சமைக்க வேண்டுமே. புஷ்பவல்லி பார்த்துவிட்டு, "மில்லுல நல்லாத் தீட்டிக் கொண்டாங்க, மல்லிகைப் பூ மாதிரி இருக்கணும்" என்று சொல்லிவிட்டாள். தீட்டியதில் தேடிப் பிடித்த சத்தில் ஒரு பகுதி தவிட்டோடு போனது. தவிடு மாணிக்கம்மாளுக்கு என்பது ஏற்பாடு. மொத்த ஆராய்ச்சியிலும் முழுப்பலன் அடைந்தது அவள் வீட்டுப் பசு. சோமசுந்தரம் மாத்திரையை விழுங்க ஆரம்பித்தார், முப்பது நாளில் சரியாகிவிட்டது.

ஆனால் இது தை மாதத்துக் கதை. நான் சொல்ல வந்தது அதற்கு முன்னால், கார்த்திகையில் ஒரு பகல்.

ரோட்டோரத்து வயல் போன வருஷத்தைவிட மோசமாக மஞ்சளடித்து நின்றது. மாணிக்கம்மாள் தினம் வந்து வரப்பில் உட்கார்ந்தாள். சோமசுந்தரம் காவல் வைக்கவில்லை, அவளாக வந்தாள். இரண்டு அடி தள்ளிப் பை நிறைய யூரியா இருந்தும் கையைக் கட்டிக்கொண்டிருப்பது, பசித்த குழந்தைக்கு முன்னால் சோற்றை மூடி வைத்துக்கொண்டு உட்கார்வது போல இருந்தது. பஸ்ஸில் போகிறவர்கள் போர்டை எழுத்துக்கூட்டிப் படித்துச் சிரித்தார்கள். இந்தத் தடவை சிரிப்பு சோமசுந்தரத்துக்குப் போனது. அவர் அதைப் பற்றிக் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை. ஒரு நாள் பஸ்ஸிலிருந்து ஒருவர் இறங்கிவந்து மாணிக்கம்மாளின் போன் நம்பரை வாங்கிக்கொண்டு போனார்.

அன்றைக்குத் தனகோட்டி எதிர் வயலில் மேலுரம் போட்டுக்கொண்டிருந்தார். வேறு செட்டு நட்டது, அங்கங்கே சொட்டை விழுந்திருந்தது. வேலை முடிந்து அன்னக்கூடையில் அடியில் கொஞ்சம் யூரியா மீதி. ரோட்டைத் தாண்டி வந்தார். போர்டைப் படித்தார். மஞ்சள் வயலைப் பார்த்தார். மறுபடி போர்டைப் படித்தார். வரப்பு மறைவில் மாணிக்கம்மாள் உட்கார்ந்திருந்ததை அவர் கவனிக்கவில்லை.

அக்கம் பக்கம் பார்த்துவிட்டு அன்னக்கூடையில் கைவிட்டு ஒரு பிடி அள்ளினார். வீசுவதற்குக் கையை ஓங்கினார்.

மாணிக்கம்மாள் எழுந்து அவருக்கும் வயலுக்கும் நடுவில் வந்து நின்றாள்.

"கைய மடக்குங்கண்ணே."

தனகோட்டியின் கை அந்தரத்தில் நின்றது. திருட்டு மாங்காயோடு பிடிபட்டவர் முகம் அவருக்கு. "ஒரு பிடிதானம்மா" என்றார். "எதிர்ல நின்னுகினு தெனம் பாக்க முடியல."

"போன வருசம் என்னாலயும் முடியலண்ணே" என்றாள் மாணிக்கம்மாள். "இதத்தான் நானும் செஞ்சேன்."

அவர் ஓங்கிய கையைப் பார்த்தார். பிடித்திருந்ததை அன்னக்கூடையில் போட்டார். உள்ளங்கையில் ஒட்டியிருந்த குருணைகளையும் விரலால் தட்டிக் கூடைக்குள்ளேயே விழச் செய்தார், ஒன்று கூட அந்த வயலில் விழாமல். பஸ் ஒன்று வந்து நின்று போனது.

"நவர நடவுக்கு எங்க வயலுக்கு என்னைக்கும்மா வர்றீங்க?" என்று கேட்டார்.

மாணிக்கம்மாள் வரப்பில் உட்கார்ந்து வெற்றிலைப் பையை அவிழ்த்தாள்.

"போன் பண்ணுங்கண்ணே" என்றாள். "பாத்துச் சொல்றேன்."